ஏச்சு ஓட்டாகுமா?

சென்ற மாதப் பொதுக்குழுவில் தோழர் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "டீக்கடையில் திட்டுகிறார்கள். குழாயடியில் திட்டுகிறார்கள். லோக்கல் வண்டியில் தொங்கிக்கொண்டு போகும்போதும் திட்டுகிறார்கள். ஆனால் ஓட்டை எண்ணினால் அவரேதான் ஜெயிக்கிறார். இது என்ன மாயம்?" யாரை மனத்தில் வைத்துக் கேட்டார் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. படிக்கிற ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த ஒரு பெயரை வைத்துக்கொள்ளலாம், பெயருக்குப் பஞ்சமில்லை.

அன்று நேரம் போதவில்லை. பதில் சொல்லாமல் கலைந்தோம். இந்தத் தலையங்கம் அந்தத் தோழருக்கான பதில்.

நம் பகுதியின் கதையையே எடுத்துப் பேசினால் பாதிப் பேர் கட்சிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிப்பார்கள். ஆகவே நமக்கு உறவும் இல்லாத, பகையும் இல்லாத ஒரு தூரத்து ஊரின் கணக்கைப் பார்ப்போம். அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் நான்காவது காங்கிரஸ் தொகுதி அது. காங்கிரஸ் என்றதும் கைச் சின்னத்தை நினைக்க வேண்டாம். அந்த நாட்டு நாடாளுமன்றத்துக்கே அதுதான் பெயர். அதன் கீழ்ச்சபையான பிரதிநிதிகள் சபையில் 435 பேர். நமக்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறை என்றால் அவர்களுக்கு இரண்டாண்டுக்கு ஒரு முறை தேர்தல். அதாவது பிடிக்காத ஆளை மாற்ற இரண்டாண்டுக்கு ஒரு முறை வாய்ப்பு உண்டு. அப்படியிருந்தும் ஒருவரை மாற்ற அங்கே எத்தனை ஆண்டு பிடித்தது என்பதுதான் கதை.

மக்காச்சோளமும் பன்றியும்

அயோவாவின் வடமேற்கு மூலை முழுக்க வயல்வெளி. மக்காச்சோளம், சோயா மொச்சை, பன்றி வளர்ப்பு. நாம் சொல்லும் காலத்தில் இந்தத் தொகுதியில் 39 கவுண்டிகள் இருந்தன. கவுண்டி என்றால் நம் தாலுகா மாதிரி என்று கொள்ளலாம். சூ சிட்டி ஒரு நகரம், பல்கலைக்கழகம் உள்ள ஏம்ஸ் இன்னொன்று, மற்றவை சிற்றூர்கள். பிள்ளைகள் படித்து வெளியூர் போய்விட, ஒவ்வொரு கடையாக மூடிக்கொண்டு வரும் ஊர்கள். தஞ்சையிலும் இராமநாதபுரத்திலும் பூட்டிய வீடுகளைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

ஊர் காலியானாலும் வேலை காலியாகவில்லை. பன்றியையும் வான்கோழியையும் வெட்டிப் பொதி கட்டும் பெரிய ஆலைகள் அங்கே இருக்கின்றன. குளிர், இரத்தம், கத்தி, ஓயாத கன்வேயர். அந்த வேலைக்கு உள்ளூர் ஆள் வருவது குறைந்தது. வந்தவர்கள் மெக்சிகோவிலிருந்தும், மத்திய அமெரிக்காவிலிருந்தும், லாவோசிலிருந்தும், ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்தவர்கள். ஸ்டார்ம் லேக் என்று ஓர் ஊர். மக்கள் தொகை பதினோராயிரம் அளவுதான். அந்த ஊர்ப் பள்ளியில் வெள்ளையர் அல்லாத பிள்ளைகளே இன்று பெரும்பான்மை. அந்த ஊர் அழியாமல் நிற்பதே வந்தவர்களால்தான். இது நமக்குப் புதிய செய்தியா? தாராவியின் தோல் பட்டறையும் துறைமுகத்து மூட்டையும் யார் முதுகில் நின்றன என்று நமக்குத் தெரியாதா?

இப்படிப்பட்ட பகுதியைத்தான் ஸ்டீவ் கிங் என்பவர் 2003 முதல் 2021 வரை, ஒன்பது முறை தொடர்ந்து வென்று, பதினெட்டு ஆண்டுகள் பிரதிநிதித்துவப்படுத்தினார். மண் வேலை எடுத்துச் செய்த கட்டட ஒப்பந்தக்காரர், குடியரசுக் கட்சிக்காரர்.

அவர் பேசியவை உலகப் பிரசித்தம். 2006-ல் சபையிலேயே எல்லைச் சுவரின் மாதிரி ஒன்றைக் கட்டிக் காட்டி, உச்சியில் மின்கம்பி ஓட்டலாம், கால்நடைகளுக்கு நாம் செய்வதுதானே என்றார். 2013-ல், சீட்டில்லாமல் வந்த இளைஞர்களில் படித்து முதலாவதாக வருகிறவன் ஒருவன் என்றால், போதைமூட்டை சுமந்து சுமந்து கெண்டைக்கால் கிர்ணிப்பழம் மாதிரி வீங்கினவர்கள் நூறு பேர் என்றார். 2017-ல், பிறத்தியார் குழந்தைகளை வைத்து நம் நாகரிகத்தை மீட்க முடியாது என்று எழுதினார்.

1966-க்குப் பிறகு பம்பாயில் லுங்கிக்காரனை விரட்டு என்ற கூச்சலைக் காதால் கேட்டவர்கள் நம் சங்கத்தில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பேச்சின் சுருதி உடனே பிடிபடும்.

வெளியில் கெட்ட பெயர், உள்ளே நல்ல பெயர்

இத்தனையும் பேசிய மனிதர் எப்படி ஒன்பது முறை ஜெயித்தார்? இங்கேதான் நம் தோழரின் கேள்விக்கு முதல் விடை இருக்கிறது. யாரிடம் கெட்ட பெயர் என்று கேட்க வேண்டும். வாஷிங்டன் பத்திரிகைகளில் கெட்ட பெயர்; கலிபோர்னியாவில் கெட்ட பெயர். தொகுதிக்குள் பெரும்பாலோர் பரம்பரையாக ஒரே கட்சிக்குக் குத்துகிறவர்கள். அவர்களுக்கு அவர் நம்ம ஆள்; மாதாகோயிலுக்குப் போகிறவர்; விவசாயக் குழுவில் உட்கார்ந்திருப்பவர். வெளியூர்க்காரன் திட்டத் திட்ட, நம்மை அல்லவா திட்டுகிறான் என்று உள்ளூர்க்காரன் நினைத்தான்.

எதிர்த்து நின்றவர்கள் லேசான ஆட்களல்லர். 2012-ல் முன்னாள் ஆளுநரின் மனைவி கிறிஸ்டி வில்சாக் நின்றார். அவர் கணவர் அப்போது நாட்டுக்கே விவசாய அமைச்சர். பெயரும் பணமும் இருந்தன. சுமார் 8 சதவிகித வித்தியாசத்தில் தோற்றார். 2014-ல் ஈராக் போரில் பணிபுரிந்த ஓர் இளைஞர் நின்றார். வித்தியாசம் 23 சதவிகிதம். 2016-லும் ஏறக்குறைய அதே அளவு. ஒவ்வொரு முறையும் ஒரு புது ஆள். ஒவ்வொரு தோல்விக்கும் பிறகு கடையைக் கட்டிக்கொண்டு போனார்கள்.

நம் தொழிற்சங்கக் கிளைத் தேர்தல்களில் இதைப் பார்த்ததில்லையா? புக்கிங் ஆபீசில் ஒருவருக்கும் பிடிக்காத செயலாளர் மீண்டும் மீண்டும் வருவார். எதிர்ப்பவர்கள் தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பு விழித்துக்கொண்டு, நோட்டீசில் அவரை ஏசுவார்கள். அவரோ மூன்றாண்டும் ஷிப்ட் ஷிப்டாகப் போய், இவன் குவார்ட்டர்சுக்கும் அவன் டிரான்ஸ்பருக்கும் மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்திருப்பார். நோட்டீஸ் பறந்து போகும், மனு நிற்கும்.

ஒரு வேனும் 39 கவுண்டியும்

2018-ல் ஜே. டி. ஸ்கோல்டன் என்பவர் ஜனநாயகக் கட்சியின் சார்பில் நின்றார். சூ சிட்டிக்காரர். தொழில்முறை பேஸ்பால் பந்து வீச்சாளராக இருந்து, பின்பு வக்கீல் அலுவலகத்தில் உதவியாளராக வேலை பார்த்தவர். பெரிய பெயர் கிடையாது. ஒரு பழைய வீட்டு வேனை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அதிலேயே படுக்கை, ஊர் ஊராகப் பயணம். 39 கவுண்டியிலும் ஒன்று விடாமல், ஒரு முறையல்ல, திரும்பத் திரும்பப் போனார். இங்கே நமக்கு ஓட்டே கிடையாது என்று தம் கட்சியே கைகழுவிவிட்ட ஊர்களிலும் நின்று பேசினார்.

என்ன பேசினார்? கிங்கின் வாய்க்கொழுப்பைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்கவில்லை. விதையும் உரமும் நாலைந்து கம்பெனி கையில் போனது எப்படி, பன்றி வளர்ப்பவனுக்குக் கிடைப்பது என்ன, பொதி கட்டும் முதலாளிக்குக் கிடைப்பது என்ன, வைத்தியச் செலவு ஏன் குடும்பத்தைக் கவிழ்க்கிறது என்று பேசினார். கம்பெனிகளின் அரசியல் நிதிக்குழுப் பணம் வேண்டாம் என்றும் சொன்னார். அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்க சோயாவுக்குச் சீனா 25 சதவிகிதம் கூடுதல் வரி போட்டிருந்தது. வயல்காரனுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்த நேரம். கடைசி வாரத்தில் கிங்கின் சொந்தக் கட்சியின் தேர்தல் குழுத் தலைவரே அவரை வெளிப்படையாகக் கண்டித்தார். கொடுத்துக்கொண்டிருந்த சில கம்பெனிகளும் கையை இழுத்துக்கொண்டன.

முடிவு என்ன? கிங் சுமார் 50 சதவிகிதம். ஸ்கோல்டன் 47 சதவிகிதம். இரண்டே ஆண்டுகளுக்கு முன் 22 சதவிகிதத்துக்கு மேல் இருந்த வித்தியாசம் மூன்றாகச் சுருங்கியது. ஏறத்தாழ 10,000 ஓட்டு. ஆனாலும் தோல்வி தோல்விதான். கிங் ஒன்பதாவது முறையாகச் சபைக்குப் போனார்.

வீழ்த்தியது யார்?

இனிமேல்தான் கவனமாகப் படிக்க வேண்டும். 2019 ஜனவரி 9 அன்று, அதே குடியரசுக் கட்சியைச் சேர்ந்த மாநில மேலவை உறுப்பினர் ராண்டி ஃபீன்ஸ்ட்ரா, உட்கட்சி முன்தேர்தலில் கிங்கை எதிர்ப்பேன் என்று அறிவித்தார். அந்த நாட்டில் கட்சி டிக்கெட்டைத் தலைவர் வீட்டு வாசலில் நின்று வாங்க வேண்டியதில்லை. கட்சியின் வாக்காளர்களே ஓட்டுப் போட்டு வேட்பாளரைத் தீர்மானிப்பார்கள். மறுநாள் ஒரு நியூயார்க் பத்திரிகையில் கிங்கின் பேட்டி வந்தது. வெள்ளை இனத் தேசியவாதம் என்ற சொல் எப்போதிலிருந்து தப்பான சொல்லாயிற்று என்ற பொருளில் அவர் கேட்டிருந்தார். நாடே கொந்தளித்தது. ஜனவரி 14 அன்று கட்சித் தலைமை அவரை எல்லாக் குழுக்களிலிருந்தும் நீக்கியது. விவசாயக் குழுவும் போயிற்று. வெள்ளை இன மேலாதிக்கத்தைக் கண்டிக்கும் தீர்மானம் சபையில் 424-க்கு 1 என்று நிறைவேறியது. கிங்கும் அதற்கு ஆதரவாகவே ஓட்டுப் போட்டார்! எதிர்த்த ஒரே ஒருவர், இந்தக் கண்டனம் போதாது என்பதற்காக எதிர்த்தவர்.

தேதியைப் பாருங்கள், தோழர்களே. பேட்டி வந்த பிறகு எதிரி கிளம்பவில்லை. பேட்டிக்கு முதல் நாளே கிளம்பிவிட்டார். பன்னிரண்டு ஆண்டுகளாக அசிங்கமாகப் பேசியபோது கூசாத கட்சிக்கு இப்போது மட்டும் ஏன் கூசியது? 2018 நவம்பரில் எண்ணிய ஓட்டு, இந்த ஆளை வைத்துக்கொண்டால் இடமே போய்விடும் என்று சொல்லிவிட்டது. வெட்கம் வரும் முன்னே கணக்கு வந்துவிட்டது. அந்தக் கணக்கை எழுதியது வேனில் படுத்துத் தூங்கிய ஸ்கோல்டனும் அவரோடு கதவு தட்டியவர்களும்தான்.

2020 ஜூன் 2 அன்று முன்தேர்தல். ஐந்து பேர் போட்டி. ஃபீன்ஸ்ட்ரா ஏறக்குறைய 46 சதவிகிதம், கிங் 36. பதினெட்டு ஆண்டுக் கோட்டை விழுந்தது. ஃபீன்ஸ்ட்ராவும் அவருக்குப் பின்னால் நின்ற பெருவணிகர் அமைப்புகளும் என்ன சொல்லி ஓட்டுக் கேட்டார்கள்? கிங் மனிதத்தன்மையற்றவர் என்றா? இல்லை. விவசாயக் குழுவில் இடமில்லாத ஆள் விவசாயத் தொகுதிக்கு எதற்கு, அவரால் பயனில்லை என்றுதான் சொன்னார்கள். எல்லைச் சுவர், துப்பாக்கி, கருக்கலைப்பு ஆகியவற்றில் இருவருக்கும் பெரிய வேற்றுமை கிடையாது.

அதே நவம்பரில் பொதுத்தேர்தல். ஸ்கோல்டன் மறுபடியும் நின்றார். ஃபீன்ஸ்ட்ரா 62, ஸ்கோல்டன் 38. வித்தியாசம் பழையபடி இருபதைத் தாண்டிவிட்டது. ஆளை மாற்றியதும் ஓட்டு தன் பழைய கொட்டடிக்கே திரும்பிவிட்டது.

எது போயிற்று, எது நின்றது?

இந்தக் கதையை இரண்டு விதமாகச் சொல்வார்கள். எதிர்த்துப் போராடினால் எந்தக் கொம்பனையும் வீழ்த்தலாம் என்பது ஒன்று. ஆள்தான் மாறினான், அரசியல் மாறவில்லை, ஆகவே எல்லாம் வீண் என்பது மற்றது. இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது என்பது நம் கருத்து.

நாட்டின் சபையில் நின்று மனிதரைக் கால்நடையோடு சேர்த்துப் பேசியவர் இன்று அந்தச் சபையில் இல்லை. ஸ்டார்ம் லேக் ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து வரும் தகப்பனுக்கு அது சின்ன விஷயமல்ல. பிரதிநிதியே பேசும்போது தெருவில் இருப்பவனுக்குத் துணிச்சல் வரும். ஆனால் அந்தத் தகப்பனின் கூலியும் பத்திரமும் கத்தி பட்ட கையும் கிங் போனதால் சரியாகிவிடவில்லை. ஒருவர் மீதுள்ள வெறுப்பை வைத்து மூன்று சதவிகிதம் வரை வரலாம். அவர் போனதும் அந்த வெறுப்பும் போய்விடும். கோரிக்கையை வைத்துச் சேர்த்த ஓட்டுதான் ஆள் மாறினாலும் நிற்கும்.

1977-ல் ஏச்சு ஓட்டாகவில்லையா என்று கேட்பார்கள். அதையும் பார்ப்போம். ரேபரேலியும் கிராமத் தொகுதிதான். 1971-ல் அங்கே ராஜ் நாராயண் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஓட்டில் தோற்றார். அவர் மூட்டையைக் கட்டவில்லை. வழக்குப் போட்டு நான்காண்டு நடத்தி, 1975 ஜூன் 12-ல் அலகாபாத் உயர்நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கினார். நெருக்கடி நிலையில் சிறைக்குப் போனார். 1977-ல் சிதறிக் கிடந்த எதிர்க்கட்சிகள் ஒன்றாகி ஒரே வேட்பாளர் நின்றபோது, 55,202 ஓட்டில் இந்திரா காந்தியைத் தோற்கடித்தார். ஆறாண்டு உழைப்பும் ஒற்றுமையும் சேர்ந்துதான் ஏச்சு ஓட்டாயிற்று. ஒற்றுமை உடைந்தது, 1980-ல் அதே ரேபரேலி இந்திரா காந்தியையே மறுபடியும் ஜெயிக்க வைத்தது. அயோவா சொன்ன பாடத்தை ரேபரேலி நாற்பது ஆண்டு முன்பே சொல்லியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். 2024 தொடக்கத்தில், அமெரிக்க அதிபர் வேட்பாளர் போட்டியில் நின்ற விவேக் ராமசாமியைக் கிங் ஆதரித்தார். ராமசாமியின் பெற்றோர் பாலக்காட்டுத் தமிழ் பேசும் குடும்பத்தினர். பிறத்தியார் குழந்தை என்று பேசியவருக்கு, தமக்கு உகந்ததைப் பேசும்போது பிறத்தியார் குழந்தையும் இனித்தது! நம்ம ஆள் ஒருவர் மேடையில் ஏறிவிட்டார் என்று கைதட்டுமுன், அவர் எந்த மேடையில் ஏறினார் என்று பார்க்க வேண்டும். ஊர்ப் பெயரும் சாதிப் பெயரும் சொல்லி நம் குடியிருப்புக்கு வருகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

ஓட்டு எங்கே?

கடைசியாக நம் அடிமடிக்கு வருவோம். அயோவா ஆலைகளில் கத்தி பிடிக்கிறவர்களில் பலர் அந்த நாட்டுக் குடிமக்கள் அல்லர், அவர்களுக்கு ஓட்டில்லை. யாரைப் பற்றித் தேர்தல் முழுக்கப் பேசினார்களோ அவர்கள் வாய் திறக்க வழியில்லை. ஆனால் அங்கேயே பிறந்த அவர்கள் பிள்ளைகள் பிறப்பினாலேயே குடிமக்கள். பதினெட்டு வயதானால் ஓட்டுண்டு. "பிறத்தியார் குழந்தைகள்" என்று ஏன் அத்தனை கோபம் வந்தது என்பது இப்போது புரிகிறதா?

நாம் அந்நியர் அல்லர். இந்த நாட்டின் குடிமக்கள். நமக்கு ஓட்டு உண்டு. எங்கே இருக்கிறது அது? ஊர்ப் பட்டியலில் பெயர் இருக்கும். ஓட்டு நாளில் லீவும் கிடைக்காது, ரிசர்வேஷனும் கிடைக்காது. இங்கே மனுப் போட்டால் வாடகை ரசீது கேட்பார்கள். இரண்டு பட்டியலிலும் இல்லாதவர் எத்தனை பேர் என்று நம் கிளைகள் எண்ணிப் பார்த்ததுண்டா? வெளியூர்த் தொழிலாளி இருக்கும் இடத்திலிருந்தே சொந்தத் தொகுதிக்கு ஓட்டுப் போட, 72 தொகுதி வரை கையாளும் ஒரு கருவியைத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளுக்குக் காட்ட அழைத்தது. கட்சிகள் பலவும் ஆட்சேபித்தன. திட்டம் நடைமுறைக்கு வரவில்லை. அது வரும் என்று காத்திருக்க நமக்கு ஆயுள் போதாது.

1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் தெளிவாக இருக்கிறது. சாதாரணமாக எங்கே குடியிருக்கிறாயோ அங்கே உன் பெயர். ஒரு இடத்தில் மட்டுமே பெயர். ஊரில் வீடு இருப்பது மட்டும் போதாது. புதிதாகச் சேர 6-ஆம் எண் படிவம். குடி மாறியதற்கு 8-ஆம் எண் படிவம். இதை நிரப்ப மெட்ரிக் படித்த நமக்குத் தெரியும். தெரியாத தோழருக்கு நிரப்பிக் கொடுக்கவும் தெரியும்.

ஆகவே அந்தத் தோழருக்கு நம் பதில் இதுதான். உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் டீக்கடையில் தீர்த்துவிட்ட கோபம் பெட்டிக்குள் போகாது. நமக்கு ஓட்டுப் போடமாட்டான் என்று ஒதுக்கிவிட்ட சந்துக்கும் போங்கள். ஆளை ஏசுவதைக் குறைத்து, தண்ணீர், ரேஷன், வாடகைப் பத்திரம், பிள்ளைகள் பள்ளி என்று பேசுங்கள். மூன்று பேராக நிற்காதீர்கள். தோற்றால் மறுநாளே மறுபடி கிளம்புங்கள். ஜெயித்தாலும் கிளம்புங்கள், வந்தவரும் பழையவர் மாதிரி ஆகாமலிருக்க அது ஒன்றுதான் வழி.

வரும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளிலும் காலை ஒன்பது முதல் சங்க அலுவலகத்தில் வாக்காளர் பட்டியல் சரிபார்க்கப்படும். படிவங்கள் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு உறுப்பினரும் தம் சந்திலிருந்து பட்டியலில் இல்லாத இருவரையாவது அழைத்து வர வேண்டும். கேள்வி கேட்ட தோழர் முதல் ஞாயிறே வருவார் என்று எதிர்பார்க்கிறோம்.